பெருந்தொற்றுக் காலத்தில் சொந்தப் பாத்திரத்தை விட்டு மக்கள் பிளாஸ்டிக்குக்கு ஏன் திரும்பினார்கள்?

ஒருமுறை பிளாஸ்டிக் என்பது ஒரே ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போடும் பை, டப்பா, கரண்டி போன்றவை.

சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7 அன்று சர்க்கியூட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கம் தொடங்கியதும் கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் போனது. எல்லாமே பொட்டலம்தான். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தோசை வாங்கினால் அதற்கு ஒரு டப்பா, சாம்பாருக்கு ஒன்று, சட்னிக்குச் சின்னதாய் இரண்டு, மேலே ஒரு பை.

ஆனால் பெரிய காரணம் பயம். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து வந்தால் மனம் 'புதுசு' என்பதையே 'சுத்தம்' என்று எடுத்துக்கொள்ளும். பேருந்தில் பக்கத்தில் ஒருவர் இருமினால் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமே, அதுபோல. யோசித்துச் செய்வதில்லை. அடுத்தவர் டிபன் கேரியரைத் தொடக் கடைக்காரர் தயங்கியதும் அப்படித்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயம் போன பிறகும் பழக்கம் தங்கிவிட்டதுதான் வருத்தம். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்கத் தொடங்கியபின் துணிப்பைகள் மறுபடி கண்ணில் படுகின்றன.

பிளாஸ்டிக்கில் கிருமி தங்காது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2020இல் நடந்த ஆய்வகச் சோதனையில் கொரோனா கிருமி அட்டையில் 24 மணி நேரம் வரை, பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை தாக்குப்பிடித்தது, சோப்புப் போட்டுக் கழுவிய பாத்திரத்திலோ கிருமியின் கொழுப்பு உறையே சிதைந்துவிடும்.