கெனன் 80டியா, நிக்கோன் டி7200ஆ?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளராக நிற்கிறேன். கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போவேன். இனித் தனியாகச் செய்யலாம் என்று பாவித்த கமரா தேடுகிறேன். வவுனியாவில் ஒரு கடையில் கெனன் 80டியும் நிக்கோன் டி7200உம் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு இருக்கின்றன. இரண்டும் 24.2 மெகாபிக்சல். எனக்குக் கைவந்தது கெனன். எதை எடுக்கலாம்?

பதில்: தம்பி, படத்தின் தரத்தை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய முடியாது. அல்பத்தில் அச்சடித்து வந்தபிறகு எது எந்தக் கமராவில் எடுத்தது என்று உங்களுக்கே தெரியாது. வித்தியாசம் கையில்தான் இருக்கிறது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். சனம் நெருக்கும். ஒரு பக்கம் கற்பூர வெளிச்சம், மறுபக்கம் கும்மிருட்டு. வியூபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துவாரம்) இருந்து கண்ணை எடுக்காமல் ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளியுணர்திறனை, ஏற்ற வேண்டும். 80டியில் அதற்கான பொத்தான் மேற்புறம், ஷட்டர் பொத்தானுக்குப் பின்னால். வலது சுட்டுவிரலே போய் அமத்திவிடும். டி7200இல் அது பின்திரைக்கு இடப்பக்கம். லென்ஸைத் தாங்கும் இடக்கையை எடுத்தால்தான் எட்டும். பாரமான லென்ஸ் போட்டிருந்தால் இது பெரிய கரைச்சல். டி7200இன் மெனுவில் ‘ஈசி ஐஎஸ்ஓ’வைப் போட்டால், அப்பேச்சரை (லென்ஸ் துவார அளவை) மட்டும் நாம் வைக்கும் ஏ முறையில் பின்சுழலியாலேயே (விரலால் உருட்டும் சக்கரம்) ஐஎஸ்ஓ மாறும், ஆனால் எல்லாவற்றையும் நாமே வைக்கும் மனுவலில் அது உதவாது.

அடுத்தது சுழலிகள். இரண்டிலும் இரண்டிரண்டு உண்டு. மனுவலில் 80டிக்குச் சுட்டுவிரல் ஷட்டர் வேகம், கட்டைவிரல் அப்பேச்சர். நிக்கோனில் அது அப்படியே தலைகீழ். சூம் வளையமும் எதிர்ப்பக்கம்தான் திரும்பும், லென்ஸைக் கழற்றிப் பூட்டுவதும் எதிர்ப்பக்கம். பழகலாம், ஏலாத காரியம் இல்லை. ஆனால் பழகும் வரைக்கும் தாலி கட்டும் நேரத்தில் விரல் தடுமாறும்.

டி7200க்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது: இரண்டு கார்ட் போடலாம், ஒரே படம் இரண்டிலும் பதியும். காசு வாங்கிக் கலியாணம் எடுப்பவருக்கு இது நிம்மதி. 80டியில் ஒரு கார்ட்தான். அதற்குப் பதிலாக அதன் திரை வெளியே திரும்பும், தொட்டால் ஃபோகஸ் பிடிக்கும். தேருக்குப் பின்னால் நின்று தலைக்கு மேல் தூக்கி எடுக்கும்போது அதன் அருமை தெரியும். டி7200இன் திரை அசையாது, திரையைப் பார்த்து எடுத்தால் ஃபோகசும் மெதுவாகத்தான் வரும்.

உங்களுக்கு நான் சொல்வது 80டி. சின்னச் சின்னக் கார்டுகளாக வைத்துக்கொண்டு, தாலி கட்டி முடிந்ததும் கார்டை மாற்றிவிடுங்கள். கை எதற்கும் பழகாதவர் கேட்டிருந்தால் டி7200 என்றே சொல்லியிருப்பேன்.

கடைக்கு உங்கள் லென்ஸையும் கார்டையும் கொண்டு போங்கள். கண்ணை வியூபைண்டரில் வைத்தபடியே வேகத்தை 1/60இல் இருந்து 1/250க்கு மாற்றி, ஐஎஸ்ஓவை ஏற்றி, நிமிர்த்திப் பிடித்து ஒரு படம் எடுங்கள். விரல் எங்கே தேடுகிறது என்று கவனியுங்கள். 80டியின் பின்சுழலி வேலை செய்யாவிட்டால் முதலில் அதைப் பூட்டிவைக்கும் லொக் சுவிட்சைப் பாருங்கள். லொக் இல்லாமலும் எண்கள் துள்ளினால் எங்கள் செம்மண் புழுதி உள்ளே போயிருக்கலாம், விட்டுவிடுங்கள். ஷட்டர் எத்தனை தரம் அடித்தது என்பதையும் கேளுங்கள். கெனன் 1,00,000க்கும் நிக்கோன் 1,50,000க்கும் சோதிக்கப்பட்டவை.

கேள்வி: முல்லைத்தீவில் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளை எடுக்க கெனன் 200டியா, நிக்கோன் டி5600ஆ நல்லது?

பதில்: டீச்சர், இரண்டிலும் சுழலி ஒன்றுதான், நிறையும் 460 கிராம் அளவில் வரும், நொடிக்கு 5 படம் எடுக்கும். ஓடுகிற பிள்ளையைப் பின்தொடர டி5600இன் 39 ஃபோகஸ் புள்ளிகள், 200டியின் 9ஐ விட உதவும். பிடியும் ஆழம், சின்னவிரல் கீழே வழுக்காது. ஒன்று மட்டும் கவனம்: டி5600இன் உடம்பில் ஃபோகஸ் மோட்டர் இல்லை, லென்ஸிலேயே மோட்டர் இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். கடைக்காரர் பழைய நிக்கோன் லென்ஸ் ஏதும் சேர்த்துத் தந்தால், அது தானாக ஃபோகஸ் ஆகிறதா என்று அங்கேயே பூட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.