ஆய்வாளர் வரும்போது மட்டும் நாறாத கிடங்கு

வாசகர் கேள்வி: எங்கள் குடியிருப்பிலிருந்து முக்கால் கிலோமீட்டரில் குப்பைக் கிடங்கு இருக்கிறது. இரவு 11 மணிக்கு மேல் அழுகிய முட்டை வாடை வீட்டுக்குள் புகுந்து தூக்கத்தைக் கெடுக்கிறது. முந்நூறு பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தோம். அதிகாரி ஒருநாள் பகலில் வந்து பார்த்துவிட்டு, ‘துர்நாற்றம் உணரப்படவில்லை’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார். அரசை நடவடிக்கை எடுக்க வைப்பது எப்படி? கிணற்று நீரை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

பதில்: அந்த அதிகாரி பொய் எழுதினார் என்று நினைக்க வேண்டியதில்லை. பகலில் தரை சூடேறிக் காற்று மேலெழும்பும். கிடங்கு வாயுவும் அதோடு கலந்து நீர்த்துப்போகும். இரவில் தரை குளிர்ந்ததும் அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழே படியும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் அதை அமுக்கிவிடும். அந்த மூடிக்கு அடியில் வாயு, தண்ணீரைப் போலப் பள்ளம் பார்த்து ஊர்ந்து வரும். காற்றழுத்தம் சட்டென்று இறங்கும் நாள்களில் குப்பை மேட்டுக்குள் இருக்கும் வாயு இன்னும் வேகமாக வெளியேறும். ஆகவே ஆய்வாளரை எந்த நேரத்துக்கு வரவழைப்பது என்பதுதான் உங்கள் முதல் வேலை. அதற்கு நாட்குறிப்பு வேண்டும்.

‘தினமும் நாறுகிறது’ என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: ‘செவ்வாய், இரவு 11.20 முதல் 12.05 வரை. அழுகிய முட்டை வாடை. அளவு 4. ஜன்னலை அடைத்த பிறகும் படுக்கையறையில் இருந்தது. மாடிக் கம்பியில் கட்டிய நூல் கிடங்குக்கு எதிர்ப்பக்கமாக ஆடியது. மாலையில் மழை.’ அளவுக்கு ஜெர்மனியில் வழக்கத்தில் உள்ள 0 முதல் 6 வரையிலான படிகளை எடுத்துக்கொள்ளலாம்: 0 என்றால் வாடையே இல்லை, 6 என்றால் மிக மிகக் கடுமையானது. வாடை இல்லாத இரவுகளையும் மறக்காமல் குறியுங்கள். 0 என்று நேர்மையாக எழுதிய பக்கங்கள்தான் 5 என்று எழுதிய பக்கத்தை நம்ப வைக்கும். ஐந்தாறு வீடுகள், வெவ்வேறு தெருக்களிலிருந்து, ஒருவரை ஒருவர் கேட்காமல் எழுதி, நேரங்கள் ஒத்துப்போனால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

ஒரு எச்சரிக்கை. மூக்கு சீக்கிரம் பழகிவிடும். அரை மணி நேரம் அதே அறையில் இருப்பவருக்கு வாடை குறைந்ததுபோல் தோன்றும். வெளியே போய்த் திரும்பி வந்து முகர்ந்து பார்த்த பிறகு எழுதுங்கள்.

முந்நூறு கையெழுத்து போட்ட மனு பல அலுவலகங்களில் ஒரே புகாராகத்தான் பதிவாகும். அதே முந்நூறு பேரில் முப்பது பேர், வாடை அடிக்கும் அந்த நேரத்திலேயே தனித்தனியாகப் புகார் செய்து எண் வாங்கினால் முப்பது பதிவுகள். அடுத்த மனுவில் அந்த எண்களை வரிசையாக எழுதி, ‘இந்த நேரத்தில் ஆய்வுக்கு வாருங்கள்’ என்று கேளுங்கள்.

பலர் சறுக்கும் இடம் அடுத்தது. அரசால் நாற்றத்தின் மேல் நேரடியாக நடவடிக்கை எடுப்பது கடினம். உரிம நிபந்தனை மீறப்பட்டால் எடுப்பது எளிது. ‘நாறுகிறதா’ என்பதில் இரண்டு பேருக்கு இரண்டு கருத்து இருக்கலாம். ‘அன்றன்று கொட்டிய குப்பை மாலைக்குள் மூடப்பட்டதா’ என்பதில் அந்தச் சந்தேகமே இல்லை. உதாரணமாக, அமெரிக்க விதிகளில் நாள்முடிவில் 15 செ.மீ. மண்ணோ அதற்கு ஈடான பொருளோ போட்டு மூட வேண்டும். ஆகவே கிடங்கின் உரிமம், சுற்றுச்சூழல் அனுமதி, கடந்த சில ஆண்டுகளின் ஆய்வு அறிக்கைகள், வாயுக் கிணறுகளின் (மேட்டுக்குள் இறக்கி வாயுவை உறிஞ்சும் குழாய்கள்) அளவீடுகள் எல்லாவற்றையும் தகவல் உரிமைச் சட்டம் போன்ற வழியில் கேட்டு வாங்குங்கள். மூடவேண்டிய மண், ஒரே சமயத்தில் திறந்திருக்கக்கூடிய பரப்பு, வாயு எரிப்பான் எத்தனை நாள் ஓடியது, குப்பையிலிருந்து வடியும் கழிவுச்சாறு தேங்கும் குட்டை மூடியிருக்கிறதா என்று நிபந்தனை நிபந்தனையாகப் பாருங்கள். பிறகு புகாரை ‘இந்த எண்ணுள்ள நிபந்தனை, இந்தத் தேதியில் மீறப்பட்டது’ என்று தொடங்குங்கள். பொது இடத்தில் நின்று, தேதி தெரியும்படி எடுத்த ஒரு படம் பத்து பக்க வருத்தத்தைவிடக் கனமானது. வேலி தாண்டி உள்ளே போகாதீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பும். அதோடு மேட்டின் விரிசலில் வரும் மீத்தேன், காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் தீப்பொறி பட்டு வெடிக்கும்.

முட்டை வாடை என்று நீங்கள் சொன்னது ஒரு துப்பு. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கிடங்கு வாயுவில் பெரும்பகுதி மீத்தேனும் கரியமில வாயுவும்தான். இரண்டுக்கும் வாடை கிடையாது. நாறுவதெல்லாம் கூட வரும் மிகச்சிறு அளவுப் பொருள்கள். ஜிப்சம் பலகை போன்ற இடிபாட்டுக் கழிவு, காற்றில்லாத ஈரக் குப்பைக்குள் மாட்டிக்கொண்டால் பாக்டீரியாக்கள் அதிலிருக்கும் சல்ஃபேட்டைத் தின்று இந்த வாயுவைக் கக்கும். கிடங்கில் இடிபாடு கொட்ட அனுமதி உண்டா, எவ்வளவு வந்தது என்று கட்டாயம் கேளுங்கள்.

இதை அளக்கலாமே என்று கடையில் கிடைக்கும் தொழிலாளர் பாதுகாப்புக் கருவியை வாங்கிவிடாதீர்கள். அது உயிருக்கு ஆபத்தான அளவைச் சொல்வதற்காகச் செய்தது. பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தால்தான் அலறும். வாடைத் தொல்லையோ அதைவிட ஆயிரம் மடங்கு குறைந்த அளவிலேயே தொடங்கிவிடும். வாடைத் தொல்லை வராமலிருக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, அரை மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 7 மைக்ரோகிராம். உங்கள் கருவி காட்டும் பூஜ்யத்தை எதிர்த்தரப்பு கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைக்கும். நுண்ணளவு காட்டும் நிலையான கருவியை, குறைந்தது சில வாரங்கள், உங்கள் பக்கத்தில் அரசே நிறுத்தி அளக்க வேண்டும் என்று கேளுங்கள். முடிவு நேரவாரியாக வேண்டும். மாதச் சராசரி வேண்டாம். இரவின் உச்சத்தைப் பகலின் சுத்தம் விழுங்கிவிடும்.

கிணற்றுக்கு: வெறும் கிருமிச் சோதனை போதாது. குளோரைடு, அம்மோனியா, மின்கடத்துதிறன் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குளோரைடு மண்ணில் ஒட்டாமல் நீரோடு ஓடுவதால் கசிவை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான். நிலத்தடி நீர் கிடங்கை நோக்கி வரும் பக்கத்தில் உள்ள ஒரு கிணற்றையும் அதே நாளில் சோதியுங்கள். ஒப்பிட அது இல்லையென்றால், ‘உங்கள் ஊர் நிலத்தடி நீரே உப்பு’ என்று முடித்துவிடுவார்கள். முடிவு வரும்வரை குடிக்க வேறு தண்ணீர்.

மனுவின் கடைசியில் ‘தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. எது தக்கது என்பதை அவர்களிடமே விட்டால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு நின்றுவிடும். திறந்த பரப்பைக் குறைப்பது, பயன்படுத்தாத சரிவுகளுக்குத் தற்காலிக மூடாக்கு, வாயுக் கிணறுகளில் தேங்கிய நீரை இறைப்பது, குட்டைக்கு மூடி என்று ஒவ்வொன்றையும் தேதியோடு கேளுங்கள். தேதி தவறினால் தினசரி அபராதம், அதற்கும் மசியாவிட்டால் புதுக் குப்பை வரவை நிறுத்துவது. வாசனைத் திரவம் தெளிக்கிறோம் என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முட்டை வாடைக்கு மேல் சென்ட் அடித்தால் இரண்டும் சேர்ந்து நாறும்.

‘உடனே மூடு’ என்பதை முதல் கோரிக்கையாக வைக்காதீர்கள். லாரிகள் நின்றாலும் உள்ளே இருக்கும் குப்பை பல பத்தாண்டுகள் வாயு விடும். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் வாலீஸ் குவாரி கிடங்கின் முட்டை வாடையை எதிர்த்து மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2024 நவம்பரில் மூடும் ஆணையைப் பெற்றார்கள். 2025 பிப்ரவரியில் கிடங்கை நடத்திய நிறுவனமே கலைக்கப்படும் நிலைக்குப் போனது. மேடு மட்டும் அங்கேயே இருந்தது. ஐரோப்பிய, அமெரிக்க விதிகள் மூடிய பின்னும் 30 ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் உறுதி செய்யச் சொல்வது இதற்காகத்தான். உங்கள் தகவல் மனுவில் இன்னொரு கேள்வியைச் சேருங்கள்: மூடிய பிறகான பராமரிப்புக்கு எவ்வளவு பணம், யார் பெயரில், எங்கே வைக்கப்பட்டிருக்கிறது?