சேறும் பாறையும் ஒரே பாதையில்: எந்த டயர் வாங்குவது?

கேள்வி: நான் சைக்கிள் ஓட்டும் மலைப்பாதையில் பாதி தூரம் களிமண் சேறு, மீதி ஈரப் பாறையும் வேர்களும். சைக்கிளுடன் வந்த டயர்தான் இன்னும் இருக்கிறது: 29 அங்குலச் சக்கரம், 2.25 அங்குல அகலம், மேலே துருத்தி நிற்கும் சின்னச் சின்ன ரப்பர் பட்டன்கள். உள்ளே டியூப். வழுக்குகிறதே என்று காற்றை 22 பிஎஸ்ஐக்குக் குறைத்தேன். பின் டயர் அடிக்கடி பஞ்சராகிறது. டியூபைக் கழற்றிப் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல். என் எடை 72 கிலோ. சேற்றுக்கென்றே வரும் டயரை வாங்குவதா, 2.6 அங்குல அகல டயருக்குப் போவதா?

பதில்: போகிற போக்கில் நீங்கள் சொன்ன அந்த இரண்டு கீறல்களிலிருந்தே தொடங்குகிறேன். முள் ஏறினால் டியூபில் ஒரு துளை விழும். பாம்பு கடித்த தடம்போல இரண்டு கீறல் விழுந்தால், டயர் பாறையில் மோதி முழுவதும் நசுங்கியிருக்கிறது. கல்லுக்கும் ரிம்மின் இரு விளிம்புகளுக்கும் நடுவில் டியூப் சிக்கியிருக்கிறது. காற்றைக் குறைத்த உங்கள் யோசனையில் தவறில்லை. அந்த அழுத்தத்தைத் தாங்கும் அமைப்புதான் உங்கள் சக்கரத்தில் இல்லை. எந்த டயர் வாங்கினாலும் இவ்வளவு குறைந்த காற்றில் உள்ளே டியூபே இருக்கும்வரை இந்தப் பஞ்சர் தொடரும். ரிம் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றதென்றால் முதலில் அதற்கு மாறிவிடுங்கள். ரிம் டேப், வால்வு, சக்கரத்துக்கு 100 மில்லி அளவில் சீலண்ட் (துளையைத் தானே அடைக்கும் திரவம்). வேறு பெரிய செலவு இல்லை. சீலண்ட் நாளடைவில் உலர்ந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

இனி டயர். சேறும் பாறையும் டயரிடம் கேட்பவை நேர் எதிரானவை. சேற்று டயரின் பட்டன்கள் ஆணிபோல உயரமாக இருக்கும். ஒன்றுக்கொன்று நிறைய இடைவெளி இருக்கும். மேலே உள்ள குழம்பைக் கிழித்து அடியிலுள்ள கெட்டி மண்ணைப் பிடிப்பதற்கு அந்த உயரம். அப்பிய களிமண் சுழற்சியில் உதிர்ந்து விழுவதற்கு அந்த இடைவெளி. அதே டயரைக் கையில் எடுத்து ஒரு பட்டனைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், வளைந்து கொடுக்கும். பாறை மேல் திரும்பும்போதும் அதுதான் நடக்கும்: பட்டன் மடியும், சைக்கிள் நழுவும். கீழிறங்கும் பந்தயங்களில் சேறு அரைகுறையாக இருக்கும் நாளில், மெக்கானிக்குகள் இந்த ஆணிகளின் தலையைக் கட்டரால் நறுக்கிக் குட்டையாக்கி மாட்டுவது இதனால்தான். எனவே பாதி பாறை உள்ள பாதைக்கு முழுச் சேற்று டயர் வேண்டாம்.

2.6 அங்குலமும் வேண்டாம் என்பேன். காய்ந்த பாறையில் அது சுகமான டயர். களிமண்ணில் அடி வரை இறங்காமல் மேலேயே மிதக்கும். போதாக்குறைக்கு, சேறு அப்பியபின் பிரேமில் உரசி நின்றே போகும். புது டயரை மாட்டியதும் பிரேமுக்கும் டயருக்கும் இடையே இரு பக்கமும் சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். ரிம்மின் உள் அகலம் 25 முதல் 30 மில்லிமீட்டர் என்றால் 2.4 அங்குலம் அழகாகப் பொருந்தும்.

பலரும் கவனிக்காமல் விடுவது ரப்பரை. ஈரப் பாறையிலும் வேரிலும் பட்டன் குத்தி இறங்க வழியே இல்லை. அங்கே உங்களைப் பிடித்து நிறுத்துவது ரப்பரின் மென்மைதான். ஒரே பெயரில், ஒரே பட்டன் வடிவத்தில் நாலைந்து வகை டயர் விற்கிறார்கள். மேக்சிஸ் டயரில் மேக்ஸ்கிரிப் என்றால் மிக மென்மை, மேக்ஸ்டெரா நடுத்தரம். எக்ஸோ, டபுள்டவுன் என்பவை கேசிங்கின், அதாவது பட்டன்களுக்கு அடியிலும் பக்கச்சுவரிலும் உள்ள டயர் உடலின், பெயர்கள். இரண்டாவது தடிமனானது, டயருக்கு 200 கிராம் அளவில் கூடுதல் எடை. டயரின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் கடினமான ரப்பரும் மெல்லிய பக்கச்சுவரும் உங்கள் தலையில் கட்டப்படலாம். அட்டையில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள்.

முன்னும் பின்னும் ஒரே டயர் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முன்னால் மென்மையான ரப்பரில், இடைவெளி அதிகமுள்ள டயர்: ஷ்வால்பே மேஜிக் மேரி போன்றது. சேற்றிலும் தாக்குப்பிடிக்கும், பாறையிலும் பட்டன் அவ்வளவாக மடியாது. பின்னால் நடுத்தர ரப்பரும் தடித்த கேசிங்கும்; மேக்சிஸ் மினியன் டிஎச்ஆர் 2 எனக்குப் பிடித்த தேர்வு. அடி வாங்குவது பின் சக்கரம், எனவே எடையை அங்கே சுமப்பதுதான் நியாயம். மென்மையான ரப்பர் தார் சாலையில் சீக்கிரம் தேயும், மிதிக்கவும் கனக்கும்; அதைப் பின்னால் போடாததற்கு அதுவும் ஒரு காரணம். மாட்டும்போது பக்கச்சுவரிலுள்ள அம்புக்குறியைப் பார்க்க மறக்காதீர்கள். நான் ஒருமுறை தலைகீழாக மாட்டி, சீலண்டும் ஊற்றி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

காற்று: உங்கள் எடைக்கு முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். ரிம் கல்லில் இடிக்கும் 'டங்' சத்தம் கேட்டால் ஒரு பிஎஸ்ஐ ஏற்றுங்கள். திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் நெளிந்தாலும் அப்படியே. இரண்டும் இல்லையென்றால் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்க்கலாம். பம்பில் இருக்கும் முள் இந்த அளவுகளில் நம்பத்தக்கதல்ல; தனி அளவுமானி ஒன்று வாங்குங்கள். பக்கச்சுவர் நீளமாகக் கிழிந்தால் சீலண்ட் அடைக்காது என்பதால் பையில் ஒரு டியூப் எப்போதும் இருக்கட்டும்.

இப்போதைக்கு ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், பஞ்சராவது பின்னால்தான் என்றாலும் முன் டயரை வாங்குங்கள். பின் சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் தோள்பட்டை தரையில்தான். அதுவரை பின்னால் டியூபோடு 30 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுங்கள். கொஞ்சம் குலுக்கும், ஆனால் கீறல் விழுவது வெகுவாகக் குறையும்.