எஸ்.டி.ஆர். மென்பொருளுக்கு நிரல் பங்களிக்க எங்கிருந்து தொடங்குவது?

குன்னூரில் கணினி அறிவியல் படிக்கும் ஒருவர், கட்டற்ற எஸ்.டி.ஆர். (வானொலி அலையை வன்பொருளுக்குப் பதில் நிரலால் செயலாக்கும் முறை) மென்பொருள் ஒன்றுக்கு நிரல் எழுதித்தர விரும்புவதாகவும், சமிக்ஞைச் செயலாக்கத்தின் கணிதம் தெரியாததால் எங்கே நுழைவது என்று விளங்கவில்லை என்றும் கேட்டிருக்கிறார். ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் இத்தகைய திட்டங்களுக்கு எழுதிவருபவன் நான். கணிதத்தில் தொடங்க வேண்டாம், உங்கள் ஊரில் எளிதாகவும் வேறெங்கும் அரிதாகவும் கிடைக்கும் ஒரு சமிக்ஞையின் பதிவிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில்.

பலரும் முதலில் குனு ரேடியோவைத் திறந்து பார்த்து மலைத்துப் போகிறார்கள். 2001 முதல் வளர்ந்துவரும், சி++ மொழியும் பைத்தானும் கலந்த பெரிய கட்டமைப்பு அது. அதிலுள்ள ஒரு வடிகட்டியைத் திருத்துவதற்கே நீங்கள் தவிர்க்க நினைக்கும் கணிதம் வேண்டியிருக்கும். ஆர்.டி.எல். 433 (rtl_433) என்ற திட்டம் அப்படியல்ல. தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்கப்பட்ட மலிவான யு.எஸ்.பி. டாங்கிளைக் கொண்டு, 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசும் கம்பியில்லா வெப்பமானி, மழைமானி, டயர் அழுத்த சென்சார் போன்றவற்றின் செய்திகளைப் படித்துக்காட்டும் நிரல் அது. அலையை வாங்குவதும் துடிப்புகளைப் பிரிப்பதும் மைய நிரலின் வேலை. நீங்கள் எழுத வேண்டியது சி மொழியில் டீகோடர் எனப்படும் ஒரு சிறு கோப்பு மட்டும்: துடிப்பின் அகலம் எத்தனை மைக்ரோவினாடி, வந்து சேர்ந்த பிட் வரிசையில் எது வெப்பநிலை, எது ஈரப்பதம், எது பேட்டரி நிலை என்று அது சொல்ல வேண்டும்.

எழுதுவதற்கு முன் பதிவெடுங்கள். அறியாத சமிக்ஞைகளை மட்டும் சேமிக்கும் வசதி அந்த நிரலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் நேராக, அந்த நொடியில் கருவியின் திரையில் தெரிந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்சாரைக் கைக்குள் பொத்தி வைத்தால் வெப்பநிலைக்குரிய பிட்டுகள் நகரும். அதன்மேல் வாயால் ஊதினால் ஈரப்பதத்துக்குரியவை நகரும். எந்தப் பிட் எதற்கு என்பது பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடுகிறது. நகரத்தில் அக்கம்பக்கத்துக் கருவிகளின் சமிக்ஞைகளும் குறுக்கே வந்து விழும். வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கும் நம் பள்ளத்தாக்குகளில் பதிவு சுத்தமாகக் கிடைக்கும்.

இனி உறைபனிக்கு வருகிறேன். டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் விடியற்காலையில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்குவதும், தேயிலை கருகாமலிருக்க ஸ்பிரிங்க்ளர் போட்டு நீர் தெளிப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. பல மலிவான சென்சார்கள் வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி 12 பிட்டுகளில் அனுப்புகின்றன. மைனஸ் 0.8 பாகை, அதாவது மைனஸ் 8, அந்த 12 பிட்டில் 4096-இலிருந்து 8 குறைந்து 4088 என்று வந்து சேரும். எதிர்ம எண்ணைக் கருதாமல் எழுதிய நிரல் அதை 408.8 பாகை என்று காட்டும். தேயிலைக்கு அது உறைபனியல்ல, சூளை. பன்னிரண்டு பிட்டுகளையும் 16 பிட் எண்ணின் மேல்முனைக்கு நகர்த்தி, குறியுள்ள (நேர்மமோ எதிர்மமோ ஆகக்கூடிய) எண்ணாக மாற்றி, பிறகு நான்கு இடம் கீழே இறக்கினால் சரியான விடை வரும். ஆனால் எல்லாக் கருவிகளும் இந்த முறையில் அனுப்புவதில்லை. சில, எதிர்ம எண்ணே வராதபடி 400 போன்றதோர் எண்ணைக் கூட்டி அனுப்புகின்றன. பூஜ்ஜியத்துக்கு மேலான பதிவுகள் ஒன்றிரண்டை மட்டும் பார்த்தவர் இதை ஊகிக்கத்தான் முடியும். சென்சாரை வெளியே தொங்கவிட்டு விடியற்காலையில் பதிவெடுத்த உங்களிடம் சான்றே இருக்கும். (சமவெளியில் இருப்பவர்கள் ஃபிரீஸரில் வைத்துப் பார்க்கலாம். உலோகப் பெட்டி சமிக்ஞையை நன்றாகவே விழுங்கிவிடும் என்பதை நினைவில் கொள்ளவும்.)

உங்கள் நிரலைப் பரிசீலிப்பவர்கள் கூர்ந்து பார்ப்பது, செய்தி பிழையின்றி வந்ததா என்று அறிய அதனுடன் கருவி அனுப்பும் சரிபார்ப்பு எண்ணைத்தான். எட்டு பிட் சரிபார்ப்பு இருந்தால்கூட, தற்செயலாக வந்த இரைச்சல் 256-இல் ஒருமுறை தேறிவிடும். அதுவும் இல்லாவிட்டால், பக்கத்து வீட்டு அழைப்புமணியைக்கூட உங்கள் நிரல் வெப்பமானி என்று சாதிக்கும். எனவே சி.ஆர்.சி. போன்ற, அந்தச் சரிபார்ப்பு எண்ணை உருவாக்கும் கணக்கைக் கண்டுபிடிக்க நேரம் செலவிடுங்கள். கருவியில் அப்படியொன்று இல்லையென்றால், அது ஒரே செய்தியைப் பலமுறை திரும்ப அனுப்புகிறதா என்று பார்த்து, திரும்ப வந்த பிட் வரிசைகள் ஒத்துப்போனால் மட்டும் ஏற்கும்படி எழுதுங்கள். அப்படியும் பிழையான கண்டறிதல் மிகுந்தால், உங்கள் டீகோடரைச் சேர்த்துக்கொண்டாலும், பயனர் கேட்டால் மட்டும் இயங்கும்படி அணைத்து வைக்கக்கூடும். இதில் வருந்த ஒன்றுமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

புல் ரிக்வெஸ்ட் (உங்கள் நிரலைத் திட்டத்தில் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) அனுப்பும்போது ஒரு கருவிக்கு ஒன்று என்று சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவுக் கோப்புகளும் அவற்றிலிருந்து வரவேண்டிய விடைகளும் தனிக் களஞ்சியத்தில் சோதனைகளாகச் சேர்க்கப்படுகின்றன. அங்கும் உங்கள் உறைபனிப் பதிவுகளைக் கொடுத்துவிடுங்கள். நிரலைப் பின்னால் யார் மாற்றி எழுதினாலும் அந்தப் பதிவுகளை ஓட்டிப் பார்க்கலாம். ஒரே சென்சார் பல பெயர்களில் விற்கப்படுவதால், உங்களுடையது ஏற்கெனவே வேறு பெயரில் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. இருந்தால் புதுக் கோப்பு வேண்டாம். பூஜ்ஜியத்துக்குக் கீழே அது சரியாகப் படிக்கிறதா என்று மட்டும் சோதித்து, இல்லையென்றால் அந்தத் திருத்தத்தை அனுப்புங்கள். முதல் பங்களிப்புக்கு அதுவே போதும்.