சிரிப்பு வரும் டேக்கில் சத்தம் கெட்டிருந்தால்

உங்க நகைச்சுவை டிரெய்லர்ல வர்ற வசனத்துக்கு, நாலாவது டேக்ல (அதே காட்சியை நாலாவது தடவை எடுத்ததுல) நடிப்பு அருமை, ஆனா வசனத்து மேலேயே கேமராவுக்குப் பின்னாடி யாரோ சிரிச்சுட்டாங்க. ஆறாவதுல சத்தம் சுத்தம், நடிப்புல உயிரில்லை, எதை வைக்கிறதுன்னு கேட்டு எழுதியிருக்கீங்க. நாலாவதையே வைங்க. நடிகர் பிடிச்ச அந்த டைமிங்கை எடிட்டிங்ல உருவாக்குறது ரொம்பக் கஷ்டம். சத்தத்தை மாத்திடலாம்.

ஆறாவது டேக்கின் குரலை எடுத்து, நாலாவதின் உதட்டசைவு மேல சொல் சொல்லா வெட்டிப் பொருத்துங்க. ப, ம வர்ற இடத்துல உதடு மூடும். அதைப் பிடிச்சுட்டா மீதி பெரும்பாலும் தானா சேரும். எந்தச் சொல்லாவது ஒட்டலைன்னா, எதிர்ல கேட்கிறவர் முகத்துக்கு வெட்டிடுங்க. நகைச்சுவையில பாதிச் சிரிப்பு அந்த முகத்துலதான் இருக்கு. இடைவெளிகள்ல அதே அறையில யாரும் பேசாதப்போ பதிவான வெறும் சத்தத்தைப் போட்டு நிரப்புங்க, இல்லாட்டி ஒவ்வொரு வெட்டும் காதுல குத்தும். ஒட்டுற இடத்துல 2 ஃப்ரேம் கிராஸ்ஃபேட் (ஒரு சத்தம் இறங்க இறங்க அடுத்தது ஏறுறது) போதும்.

டிரெய்லர் முழுக்க இசை ஓடுதுன்னும் சொன்னீங்க. பஞ்ச் வசனத்துக்கு அரை வினாடி முன்னாடி அதைச் சட்டுனு நிறுத்திப் பாருங்க. அந்த மௌனத்துக்கு ஈடா எந்த எஃபெக்ட்டையும் நான் சொல்ல மாட்டேன்.

முடிச்சதும் ஃபோன் ஸ்பீக்கர்ல ஒரு தடவை கேளுங்க. வசனம் அதுல புரியலைன்னா இசையை இன்னும் இறக்குங்க.