20 எம்பி கோப்பை 25 எம்பி வரம்புள்ள மின்னஞ்சல் ஏன் ஏற்பதில்லை?

பலரையும் குழப்பும் கேள்வி இது. கோப்பு வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் "அளவு அதிகம்" என்று அஞ்சல் திரும்பி வந்துவிடுகிறது.

இணைப்பு என்பது மடலோடு சேர்ந்து போகும் கோப்பு. ஆனால் மின்னஞ்சல் வெறும் எழுத்துகளைச் சுமக்கத்தான் உருவானது. 1982இல் வகுத்த அஞ்சல் விதிமுறையில் படத்துக்கோ பாட்டுக்கோ இடமே இல்லை. 1992இல் ஒரு வழி கண்டார்கள்: கோப்பை எழுத்துகளாக மாற்றி அனுப்புவது, மறுமுனையில் பழையபடி கோப்பாக்கிக்கொள்வது. இந்த மாற்றத்தில் கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டும் (பைட் என்பது கோப்பின் அளவை எண்ணும் சிறு அலகு) 4 எழுத்தாகிறது. அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அந்த எழுத்துகளை வரிவரியாகப் பிரிக்கும் குறிகளும் சேர, 20 எம்பி கோப்பு 27 எம்பியைத் தாண்டிவிடும்.

கண்ணாடிக் குவளையைப் பார்சல் அனுப்புவதுபோல. வைக்கோல் சுற்றி, பெட்டியில் அடைத்த பிறகுதானே எடை போடுவார்கள்!

ஆகவே 18 எம்பிக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. பெறுபவருடைய சேவையின் வரம்பு இன்னும் சிறிதாக இருந்தால் அதுவும் போகாது. பெரிய கோப்பென்றால் இணையச் சேமிப்பகத்தில் ஏற்றி, இணைப்புக்குப் பதில் அதன் முகவரியை அனுப்புங்கள். நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஜிப் செய்தால் எல்லாமே சுருங்கும் என்று நினைக்கிறார்கள். ஜேபெக் படங்களும் காணொளிகளும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அவற்றின் அளவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.