வாசகர் கேள்வி – பதில்: கடலோரத்தில் குடும்பத்தோடு நடக்க

மலையேற்றத்துக்குச் சிறு பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துச் செல்வது கடினமாக இருப்பதால், நெல்லைச் சீமையின் கடலோரத்தில் நடந்து வரத் தகுந்த இடங்களைச் சொல்லும்படி வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். நெல்லைச் சீமை என்று நான் இங்கே சொல்வது 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிவதற்கு முந்தைய பழைய எல்லையை. கடற்கரையின் பெரும்பகுதி இன்று அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: எங்களுக்கு ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். அறுபத்தெட்டு வயதுத் தாயாரும் உடன் வருவார். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் போய்த் திரும்பும்படி, மூவருக்கும் பொருந்துகிற ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும்.
— பாளையங்கோட்டை வாசகர்

பதில்: மணப்பாட்டுக்குப் போங்கள். திருச்செந்தூரிலிருந்து தெற்கே சுமார் 18 கி.மீ. தொலைவில், உடன்குடியைத் தாண்டி இருக்கிற ஊர் அது. கடலுக்குள் மூக்கை நீட்டியதுபோல் ஒரு மணல்மேடும், அதன் உச்சியில் 1581-ஆம் ஆண்டைச் சேர்ந்த திருச்சிலுவை ஆலயமும், ஒரு பக்கம் அலையடிக்கும் கடலும், மறுபக்கம் அசையாமல் கிடக்கும் உப்பங்கழியும் சேர்ந்து அமைந்திருப்பதால், பிள்ளைகள் அலுத்துப்போவதற்குள் காட்சி மாறிவிடுகிறது.

ஊருக்குள் வண்டியை நிறுத்திவிட்டு, பழைய வீடுகளுக்கு நடுவே மேட்டை நோக்கி நடக்கத் தொடங்குங்கள். ஏற்றம் பெரிதன்று, தாயார் ஓரிரு முறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டால் போதும். கடலைப் பார்த்த பக்கத்தில், 1542-இல் முத்துக்குளித்துறை என்று அழைக்கப்பட்ட இந்தக் கடலோரத்துக்கு வந்த கிறிஸ்தவத் துறவி பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகக் கருதப்படும் குகை இருக்கிறது. உப்புக் கடலை ஒட்டிய குகைக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு இருப்பதைக் கண்டு உங்கள் ஒன்பது வயதுப் பிள்ளை காரணம் கேட்டால், மணலில் இறங்கிய மழைநீர் எடை குறைந்தது என்பதால் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது என்று சொல்லுங்கள். பாறைகளின் மேல் பாசி வழுக்கும். அங்கே மட்டும் சின்னவனின் கையை விட வேண்டாம்.

மேட்டிலிருந்து இறங்கியதும் கழியோரமாகச் சிறிது தூரம் நடந்து திரும்பினால், இடையில் உட்காருவதையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம். குடும்ப நடையின் தூரத்தை ஆறு வயதுப் பிள்ளையின் காலும் வெயிலும்தான் முடிவுசெய்கின்றன. தை மாதத்தில் இந்தப் பக்கம் சூரியன் உதிக்க ஏறத்தாழ 6.40 ஆகிவிடும், அந்த வேளைக்கு நீங்கள் மேட்டின் மேல் இருந்தால், எட்டரை மணிக்குள் கீழே இறங்கி, உடன்குடியில் சில்லுக்கருப்பட்டி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பலாம். செப்டம்பர் முதல் இரண்டு வாரங்களில் ஆலயத் திருவிழா நடைபெறுவதால் கூட்டம் மிகுதியாக இருக்கும். நடப்பதற்காக மட்டும் போகிறவர்கள் அந்த நாள்களைத் தவிர்க்கலாம்.

வழிகாட்டிப் பலகையும் கைப்பிடிக் கம்பியும் போட்ட பாதையை அங்கே எதிர்பார்க்காதீர்கள். வலை சுமந்து போகிறவர்களும் கோயிலுக்குப் போகிறவர்களும் தலைமுறை தலைமுறையாக நடந்து உண்டாக்கிய தடங்களே இருக்கின்றன. வலை காய்கிற இடத்தில் அதன்மேல் மிதிக்காமல் சுற்றிப் போவதும், கரையில் வேலையாக இருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதிருப்பதும் நம் பொறுப்பு. வழி தெரியவில்லையென்றால் அவர்களையே கேளுங்கள். கூடவே வந்து காட்டுகிறவர்களும் உண்டு.

கேள்வி: செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டைப் படங்களில் பார்த்துவிட்டு என் மகள் அங்கே போக வேண்டும் என்று நச்சரிக்கிறாள். பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தகுந்த இடம்தானா? தண்ணீர் கிடைக்குமா?
— நாங்குநேரி வாசகி

பதில்: தகுந்த இடம்தான், அம்மா, ஆனால் நேரம் தவறினால் தண்டனைதான். சில ஆண்டுகளுக்கு முன்பு என் அக்காள் பிள்ளைகள் இருவரை ஒரு பங்குனி மாதத்துக் காலையில் பத்து மணிக்கு அங்கே இறக்கிவிட்டேன். அரை மணி நேரத்தில் சின்னவள் செருப்புக்குள் புகுந்த மணலின் சூடு தாங்காமல் அழத் தொடங்கிவிட்டாள். அவளை முதுகில் தூக்கிக்கொண்டு, காலடிக்குக் காலடி புதைகிற மணலில் நான் திரும்பி வந்த தூரம் முக்கால் கிலோமீட்டர்கூட இராது. அக்காள் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரங்களில் பரந்து கிடக்கிறது இந்தச் செம்மணல். இரும்புச் சத்துள்ள தாதுக்கள் சிதைந்து, மணலின் ஒவ்வொரு மணியின் மேலும் துருவாகப் படிந்திருப்பதே அந்த நிறத்துக்குக் காரணம். உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ள இன்னொரு செய்தியும் இருக்கிறது: தேரி மணலில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்ச்சின் என்ற இருவர் 1956-இல் ஆய்வு வெளியிட்டார்கள். இரும்பு என்பதையே அறியாத மனிதர்கள் சிக்கிமுக்கி போன்ற கற்களைச் செதுக்கி ஆக்கிய சிறு கத்தி அலகுகள் அவை. அப்படி ஏதேனும் கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

முதல்முறை போகிறவர்கள் மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலை ஆதாரமாக வைத்துக்கொள்வது நல்லது. தேரிக்கு நடுவே இருக்கும் அந்தக் கோயில் வரை சாலை உண்டு. மர நிழலும், பெயருக்கு ஏற்றபடி சுனையும் உண்டு. மேட்டில் பெய்கிற மழையை மணல் முழுவதுமாகக் குடித்துவிட்டு அடிவாரத்தில் கசியவிடுகிறது. சுனையாகவும், மக்கள் தருவை என்று அழைக்கும் ஏரிகளாகவும் அது தேங்குகிறது. ஆனாலும் குடிக்கிற தண்ணீரை ஆளுக்கு ஒரு லிட்டர் என்று வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கோயிலிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற ஒரு மேட்டை மட்டும் குறிவைத்து ஏறி, பிள்ளைகளை ஆசைதீரச் சறுக்கி விளையாடவிட்டு, வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். எல்லா மேடும் ஒன்றுபோலவே இருக்கும். காற்று பலமாக வீசும் நாளில் உங்கள் காலடிச் சுவடு அரை மணி நேரத்தில் அழிந்துபோகும் என்பதால், திரும்பும் வழிக்கு ஏதாவது ஓர் ஒற்றைப் பனையை அடையாளம் வைத்துக்கொள்வது அவசியம்.

ரப்பர் செருப்பு இங்கே உதவாது. குடைபோல் விரிந்து நிற்கும் உடைமரத்தின் முள் அதைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். தடித்த அடியுள்ள காலணியும் காலுறையும் வேண்டும். கொல்லாமரத் தோப்புகளிலும் பனங்காட்டிலும் புகுந்தால் அவை ஒருவருடைய உழைப்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதநீர்க் காலத்தில், விடிந்த சிறிது நேரத்தில் பனையேறிகள் இறங்கி வருவதைக் காணலாம். காசு கொடுத்து வாங்கிக் குடித்தால் பிள்ளைகளுக்கு அன்றைய நடையில் அதுவே மறக்காமல் நிற்கும்.

கேள்வி: எந்த மாதங்களில் போவது உத்தமம்?
— அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: மார்கழிக் கடைசியிலிருந்து மாசி முடிய. ஐப்பசி, கார்த்திகையில் வாடை மழை. அதோடு ஐப்பசியில் திருச்செந்தூர்க் கந்தசஷ்டிக் கூட்டம் வேறு. புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசராவுக்காகச் சாலைகள் நிறைந்துவிடும். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிற அதே கச்சான் என்ற மேல்காற்று கடற்கரைக்கு வரும்போது ஈரமிழந்து, மணலை வாரிக் கண்ணில் எறியும்.

கேள்வி: எங்களிடம் வண்டி இல்லை. எனக்கு முழங்கால் வலியும் உண்டு. மணலில் நடக்கலாமா?
— சேரன்மகாதேவி வாசகி

பதில்: தாராளமாக நடக்கலாம், ஆனால் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். திருநெல்வேலியிலிருந்து ரயிலில் திருச்செந்தூர் போய் இறங்கி, முருகன் கோயிலிலிருந்து தெற்கே அய்யா வைகுண்டர் அவதாரப்பதி வரை கரையோரமாக நடந்து திரும்புங்கள். ஒரு வழிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர். காய்ந்த மணலைத் தவிர்த்து, அலை வந்து வடிந்த ஈரப்பட்டையில் நடந்தால் கால் புதையாது. கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் போகும்போது ஒரு காலுக்கும் திரும்பும்போது மற்றதற்கும் பாரம் கூடும். ஆகவே வலிக்கிற கால் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு, போன தூரத்திலேயே பாதியில் திரும்பத் தயங்காதீர்கள்.

கேள்வி: நடந்து களைத்த பிறகு பிள்ளைகளைக் கடலில் குளிக்க விடலாமா? எங்களுக்குத் தாமிரபரணியில் நீந்திப் பழக்கம்தான்.
— முக்கூடல் வாசகர்

பதில்: ஆற்றில் பழகிய நீச்சலை நம்பிக் கடலில் இறங்க வேண்டாம். ஆறு ஒரே திசையில் இழுக்கும். கடல், கரையில் மோதிய நீரைத் திரும்ப உள்ளே கொண்டுபோகும்போது ஆளையும் சேர்த்து இழுக்கும். வானம் தெளிந்து, காற்றே இல்லாத நாளிலும், தொலைவிலுள்ள தென்கடலில் எழுந்த அலைகள் திடீரென்று கரையேறுவது உண்டு. கள்ளக்கடல் என்று மீனவர்கள் அதைச் சொல்வார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். ஊர்க்காரர்கள் குளிக்கிற இடத்தில், அவர்கள் குளிக்கிற வேளையில், முழங்கால் அளவு நீரில் நனைந்துவிட்டு வருவதோடு நிறுத்துங்கள்.

கேள்வி: பெண் பிள்ளைகளோடு வருவதால் கேட்கிறேன்: கழிப்பறை வசதி எப்படி?
— வள்ளியூர் வாசகி

பதில்: தேரியில் கிடையாது, மணப்பாட்டில் மேட்டின் மேலும் எதிர்பார்க்க வேண்டாம். போகும்போது திருச்செந்தூரில் கோயில் பக்கமோ ரயில் நிலையத்திலோ முடித்துக்கொண்டு கிளம்புங்கள். நடையை இரண்டு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு வெயிலோடு இதுவும் ஒரு காரணம்.